முட்டை அவிக்கத் தெரியாதவர் உண்டா?

முட்டை அவிப்பது எப்படி என்று ஒரு குடும்பப் பெண்ணுக்குச் சொல்லப் போனால் அவள் சிரிப்பாள். எங்கள் குழுக் கூட்டங்களில் இந்த விடயத்தைக் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பு எழுகின்றது. “சோறு வடிச்சே பாதி ஆயுசு போயிருச்சு மிஸ், எங்களுக்கா சுடுதண்ணி வைக்கச் சொல்லித் தாறீங்க?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒருவர் மெதுவாகத் தன் சந்தேகத்தைக் கேட்பார். அதைத் தொடர்ந்து மற்றவர் கேட்பார். ஒரு மணித்தியாலத்துக்கென ஒதுக்கிய கூட்டம் மூன்று மணித்தியாலம் நீண்டதும் உண்டு.

கண்டி நகரிலும், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் நான் சந்திக்கும் பெண்கள் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். 1977 ஆம், 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறி, அங்கே இறுதி யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்து, 2009 இன் பின் உறவினரைத் தேடி மீண்டும் தோட்டத்து லயத்துக்கே வந்து சேர்ந்தவர்கள் சிலர். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வைத்தியத்துக்காகவும் வடக்கிலிருந்து வந்து கண்டியில் வாடகை அறைகளில் தங்கிவிட்டவர்கள் சிலர். இராணுவத்துக்குப் போன மகன் திரும்பி வராத சிங்களக் கிராமத்துத் தாய்மாரும் எங்கள் குழுக்களில் இருக்கின்றனர். இவர்கள் எல்லோருடைய அடுப்படியிலும் ஏறக்கூடிய பொருள் ஒன்று உண்டென்றால் அது முட்டைதான். இறைச்சி வாங்க வசதியில்லாதவரும், மீன் வான் வராத மேட்டுத் தோட்டத்தில் இருப்பவரும் முட்டை வாங்குகின்றனர்.

கண்டியில் பகல் சோற்றுப் பார்சல் கட்டி விற்கும் ஒரு சகோதரியின் பிரச்சினையை முதலில் சொல்கின்றேன். கணவரை இழந்த அவர், நாளொன்றுக்கு முப்பது பார்சல் கட்டுகின்றார். ஒவ்வொன்றிலும் ஓர் அவித்த முட்டை வைக்க வேண்டும். கோது உரிக்கும்போது ஏழெட்டு முட்டைகளில் வெள்ளைக்கருவும் கோதோடு பிய்ந்து வந்துவிடுகின்றது. பிய்ந்த முட்டையைப் பார்சலில் வைத்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார், வைக்காவிட்டால் அன்றைய இலாபம் போய்விடும். “நல்ல புது முட்டையாத்தான் பார்த்து வாங்கறேன், அப்படியும் இந்தக் கதிதான்” என்று அவர் குறைப்பட்டார்.

புது முட்டையாகப் பார்த்து வாங்கியதே இங்கு காரணம். அன்று இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் காபனீரொட்சைட்டு வாயு கூடுதலாகக் கரைந்திருக்கும். அதனால் வெள்ளைக்கரு அவியும்போது கோதின் உட்புறத்திலுள்ள மெல்லிய சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்கின்றது. நாட்கள் செல்லச் செல்லக் கோதிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாக அந்த வாயு வெளியேறிவிடும், ஒட்டும் தன்மையும் குறையும். ஆகவே பொரிப்பதற்குப் புது முட்டையும், அவிப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆன முட்டையுமே ஏற்றவை. அந்தச் சகோதரி இப்போது இரண்டு தட்டு முட்டை வாங்கித் திகதி எழுதி வைத்து, பழையதை முதலில் எடுக்கின்றார்.

முட்டை எத்தனை நாள் பழையது என்று தெரியாவிட்டால் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் அது புதியது. ஒரு முனை மேலே எழும்ப நின்றால் சற்றுப் பழையது, அவிக்க மிகவும் தோதானது. மிதந்தால் உள்ளே காற்றறை பெருத்துவிட்டது என்று பொருள். மிதக்கும் முட்டையை வேறொரு கோப்பையில் உடைத்து மணந்து பார்க்கலாம், ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

இன்னொன்று, முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுவதே எங்கள் வீடுகளில் வழக்கம். அப்படிச் சிறிது சிறிதாகச் சூடேறும்போது வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டுவது கூடும். தண்ணீரை முதலில் கொதிக்க விட்டு, அகப்பையில் வைத்து முட்டைகளை மெல்ல இறக்கினால் கோது இலகுவாகக் கழன்றுவரும். குளிரூட்டியிலிருந்து எடுத்த முட்டையை உடனே கொதிநீரில் இறக்கினால் வெடித்துவிடும். முன்னதாகவே வெளியில் எடுத்து வையுங்கள். தண்ணீரில் ஒரு கரண்டி உப்புப் போட்டால் உரிப்பது இலகுவாகும் என்று பலர் நம்புகின்றனர். உப்பின் உண்மையான உதவி வேறு. கோது வெடித்தால் வெளியே வழியும் வெள்ளைக்கருவைச் சட்டென்று உறைய வைத்து வெடிப்பை அது அடைத்துவிடும். வினாகிரியும் அதையே செய்யும்.

இனி நேரத்தைப் பற்றி. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து தோட்டமொன்றில் சகோதரியோடு தங்கியிருக்கும் ஓர் அம்மா, “பிள்ளை, எங்கட ஊரில அவிக்கிற மாதிரித்தான் இஞ்சையும் அவிக்கிறன், ஆனா நடுவில களியாக் கிடக்கு. இந்த ஊர்த் தண்ணிக்குச் சூடு காணாதோ?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மா கண்டுபிடித்தது சரியே. கடற்கரையில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கின்றது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைந்து, ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கிக்கொண்டு போகும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது, இங்கே தண்ணீர் 98 பாகைக்குச் சற்று மேலே கொதித்துவிடும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். தண்ணீர் எவ்வளவு குமுறிக் கொதித்தாலும் அதற்குமேல் சூடேறாது. விறகைக் கூட்டித் தள்ளுவதால் பயனில்லை, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

முல்லைத்தீவில் கொதிநீரில் இறக்கிய முட்டை முழுதாக உறைய ஒன்பது, பத்து நிமிடம் போதுமென்றால், கண்டியில் பத்து, பதினொரு நிமிடமும், மேட்டுத் தோட்டங்களில் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடமும் வையுங்கள். முப்பது முட்டையை ஒன்றாக இறக்கினால் கொதி அடங்கிப்போகும். மறுபடி கொதி வந்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும். இப்போது கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கின்றது. முன்பு எங்கள் அம்மா வானொலியில் மூன்று பாட்டு முடியும்வரை வைப்பார். விளம்பரம் நீண்டுவிட்டால் முட்டை கல்லாகிவிடும்!

நேரம் முடிந்ததும் சுடுதண்ணீரை ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி விடுங்கள். இதற்கு இரண்டு பலன்கள் உண்டு. உரிப்பது சுலபமாகும், முட்டை தன் உட்சூட்டிலேயே மேலும் அவிவது நிற்கும். அதிகம் அவிந்தால் மஞ்சட்கருவைச் சுற்றிச் சாம்பலும் பச்சையுமான ஒரு வளையம் தோன்றும். அதை நஞ்சென்று நினைத்து, கர்ப்பிணியாய் இருந்த மகளுக்கு அவித்த முட்டைகளைக் குப்பையில் கொட்டிய தாயொருவரை எனக்குத் தெரியும். அது நஞ்சல்ல. வெள்ளைக்கருவிலுள்ள கந்தகமும் மஞ்சட்கருவிலுள்ள இரும்பும் சூட்டில் சேர்வதால் வரும் நிறம். பார்வைக்கு அழகில்லை, மணமும் சற்றுக் கூடும், அவ்வளவுதான். தாராளமாகச் சாப்பிடலாம்.

2022 ஆம் ஆண்டில் காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் குழுக்களில் ஒரு முறை பரவியது. முட்டை மூழ்கி ஓர் அங்குலம் மேலே நிற்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, நன்றாகக் கொதி வந்ததும் அடுப்பை நிறுத்தி, இறுக்கமாக மூடி பதினைந்து நிமிடம் விட்டுவிடுவது. விறகடுப்புக்கு இது இன்னும் பொருத்தம். விறகடுப்பைத் திருகிக் குறைக்க முடியாது, ஆனால் சட்டியை இறக்கி வைக்கலாம். மண்சட்டி சூட்டை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கைந்து முட்டைக்கு, கண்டி நகரம் போன்ற உயரத்தில் இது சரிவரும். குளிர் கூடிய மேட்டில் தண்ணீர் விரைவில் ஆறிவிடுவதால் அங்கே நம்ப முடியாது. கர்ப்பிணித் தாய்க்கும், சிறு பிள்ளைக்கும், நோயாளிக்கும் அவிக்கும்போது எந்த ஊரிலும் முழு நேரமும் அடுப்பிலேயே வையுங்கள். பச்சை முட்டையிலும் அரைவேக்காட்டு முட்டையிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். மஞ்சட்கரு நடுவரை கெட்டியாக உறைந்திருப்பதே அது அழிந்ததற்கு நாம் கண்ணால் காணக்கூடிய அடையாளம்.

இந்த இடத்தில் பெரியவர்களோடு எனக்கு ஒரு வாக்குவாதம் எப்போதும் வரும். பெண்பிள்ளை சாமத்தியப்பட்டதும் காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது வடக்கிலும் மலையகத்திலும் தெரிந்த வழக்கம். குமட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதை நினைவுகூராத பெண்கள் எங்கள் குழுக்களில் குறைவு. வளரும் பெண்ணின் இடுப்புக்கும் எலும்புக்கும் பலம் வேண்டும் என்ற அக்கறையை நான் மதிக்கின்றேன். ஆனால் அந்த அக்கறைக்குப் பச்சை முட்டை ஏற்றதல்ல. கிருமி ஒருபுறமிருக்க, பச்சை முட்டையின் புரதம் உடலில் சரியாகச் சேர்வதுமில்லை. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், அவித்த முட்டையின் புரதம் ஏறத்தாழ 90 வீதம் சமிபாடடைந்தது, பச்சை முட்டையினது ஏறத்தாழ 50 வீதமே சமிபாடடைந்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கின்றது. பச்சையாகக் கொடுத்தால் அதில் பாதியை வீணாக்குகின்றோம். நல்லெண்ணெய் இருக்கட்டும், முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள் என்று நான் சொன்னபோது, “அப்ப எங்க அம்மாயியெல்லாம் முட்டாளா?” என்று ஒரு பாட்டி கோபித்தார். இல்லை பாட்டி, அம்மாயிக்குக் கோழி கூடையிலேயே முட்டையிட்டது. நமக்கோ எங்கோ ஒரு பண்ணையில் இட்டு, லொறியில் வந்து, கடையில் எத்தனையோ நாள் கிடந்த முட்டையல்லவா கிடைக்கின்றது?

இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசப் பேச வேறொரு விடயம் என் கண்ணில் பட்டது. பேராதனையில் சமூகவியல் படித்த காலத்தில், குடும்பம் என்பது எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் அலகு அல்ல, அதற்குள்ளேயே பேரமும் விட்டுக்கொடுப்பும் நடக்கின்றது என்று அமர்த்தியா சென் எழுதியதைப் பரீட்சைக்காகப் படித்தோம். அதை நான் உண்மையில் விளங்கிக்கொண்டது ஒரு கூட்டத்தில், “நீங்கள் கடைசியாக ஒரு முழு முட்டையை உங்களுக்கென்று சாப்பிட்டது எப்போது?” என்று கேட்டபோதுதான். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு ஒருவர், “மூத்தவனைப் பெத்தப்ப” என்றார். இன்னொருவர், “பெரிய மனுசியானப்ப” என்றார். அந்த மூத்த மகனுக்கு இப்போது இருபத்தாறு வயது.

வயதுக்கு வரும்போதும் பிள்ளை பெறும்போதும் மட்டுமே அவர்களுக்கு முழு முட்டை கிடைத்திருக்கின்றது. இடையிலுள்ள ஆண்டுகளில் கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கும், ஆஸ்பத்திரி, கச்சேரி, நீதிமன்றம் என்று அலைந்தவளுக்கும் குழம்பில் ஊறிய மஞ்சட்கருத் துணுக்குத்தான். அவித்த முட்டையை நூலால் அறுக்கும் வித்தை எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கத்தியால் அறுத்தால் மஞ்சட்கரு உதிர்ந்து வீணாகும், நூலால் அறுத்தால் உதிராது. இரண்டு முட்டையை எட்டாக அறுத்து எட்டுக் கோப்பையில் வைக்கும் கைகளை நான் பார்த்திருக்கின்றேன். எட்டாவது துண்டும் பெரும்பாலும் அம்மாவின் கோப்பைக்கு வருவதில்லை, யாராவது ஒரு பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்டுவிடும்.

2022 இல் முட்டை விலை ஏறியபோது அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா என்று உச்ச சில்லறை விலை விதித்தது. அந்த விலைக்கு முட்டை கிடைப்பது அரிதாயிற்று. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது. அந்த நாட்களில் வீடுகளில் யாருடைய முட்டை முதலில் நின்றது என்று கேட்டுப் பார்த்தேன். அம்மாக்கள் தங்கள் பங்கை முதலில் நிறுத்தியிருந்தார்கள், அதைப் பற்றி முறைப்பாடு எதுவும் இருக்கவில்லை. விலை இறங்கிய பின் பிள்ளைகளின் முட்டை திரும்பி வந்தது. அம்மாவின் முட்டை பல வீடுகளில் திரும்பி வரவில்லை, அதை யாரும் கவனிக்கவுமில்லை.

கணவரை இழந்த பெண் மச்சம், முட்டை தொடக்கூடாது என்று சொல்லும் வீடுகளும் உண்டு. வெள்ளிக்கிழமையோ கந்தசஷ்டியோ ஒருவர் தன் விருப்பத்தோடு விரதம் இருப்பது அவருடைய நம்பிக்கை. அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் முப்பத்திரண்டு வயதுப் பெண்ணை, இரண்டு பிள்ளைகளை வளர்க்கக் கூலி வேலைக்குப் போகின்றவளை, இனி உனக்கு முட்டை எதற்கு என்று மாமியார் கேட்பது விரதமல்ல.

தண்ணீருக்குச் சூடு காணாது என்று கேட்டாரே, அந்த முல்லைத்தீவு அம்மா, அவர் என் கேள்விக்குச் சொன்ன பதில் வேறு. “பத்து முட்டை அடை வைச்சிருந்தனான் பிள்ளை. கோழி அடையில இருக்கேக்கதான் வெளிக்கிட்டனாங்கள். அப்பிடியே விட்டிட்டு வந்திட்டம்” என்றார். 2009 மாசி மாதத்தில் நடந்தது அது. அதற்குப் பிறகு அவர் தன்னுடைய வீட்டையோ மகனையோ பற்றி எதுவும் சொல்லவில்லை, கோழியைப் பற்றி மட்டுமே சொன்னார். பேரப்பிள்ளைகளுக்கு அவர்தான் முட்டை அவித்துக் கொடுக்கின்றார், களியில்லாமல் அவிக்க வேண்டும் என்பதற்காகவே என்னிடம் நேரம் கேட்டார். தான் சாப்பிடுவதில்லை. சாப்பிடுங்கள் என்று நான் வற்புறுத்தவுமில்லை. சத்துப் பற்றிய பாடத்தால் தொட முடியாத இடங்களும் மனிதருக்குள் உண்டு.

அந்தக் கூட்டத்துக்குப் பின் கலஹாப் பக்கத்துக் குழுவொன்றில் பெண்கள் தாங்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாதத்தில் இரண்டு தடவை கூடும் அந்தக் குழுவில், ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து, ஒரே பானையில் அவித்து, மிளகுத்தூளும் உப்பும் தொட்டு அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதே விதி. முதல் நாள் மூன்று பேர் முட்டையைக் கச்சையில் முடிந்துகொண்டு நழுவப் பார்த்தார்கள். தலைவி அக்கா வாசலில் நின்றுகொண்டார்! மாதத்துக்கு இரண்டு முட்டையால் ஒருவரின் இரத்தசோகை தீராது என்பது எனக்குத் தெரியும். அதற்குக் கிளினிக் மாத்திரையும் கீரையும் பருப்பும் வேண்டும். ஆனாலும் பானையைச் சுற்றி இருந்து உரித்துச் சாப்பிடும் அந்த நேரத்தில் அவர்கள் பேசுவதை வேறெந்தக் கலந்துரையாடலிலும் நான் கேட்டதில்லை.

வழக்கமாக வரும் இன்னும் சில கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகின்றேன். குழந்தைக்கு ஒரு வயதுவரை முட்டை கூடாது என்பது பழைய கதை. ஆறு மாதம் முடிந்து மேலதிக உணவு தொடங்கியதும் நன்றாக அவித்து மசித்த முட்டையைக் கொடுக்கலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில் ஒன்று தினமும் வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகின்றது. முதல் தடவை சிறிதளவு கொடுத்து, உடம்பில் தடிப்போ வாந்தியோ வருகின்றதா என்று பாருங்கள். சுகதேகியான பெரியவருக்கு நாளொரு முட்டையால் கெடுதி இல்லை. நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். அவித்த முட்டையை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பார்சல் கட்டுபவர்கள் விடியற்காலையிலேயே முட்டையை அவித்து வைக்காமல், சோறு கறியெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அவியுங்கள். குளிரூட்டி இருந்தால், கோது உரிக்காமல் ஒரு வாரம் வைக்கலாம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வெடித்த முட்டையை வாங்குவதைத் தவிருங்கள்.

உரிக்கும்போது முட்டையின் அகன்ற முனையை முதலில் தட்டுங்கள், அங்கேதான் காற்றறை இருக்கின்றது. பிறகு பலகையில் மெல்ல உருட்டிக் கோது முழுவதையும் நொறுக்கி, தண்ணீருக்குள் பிடித்து உரித்தால் சவ்வோடு கழன்று வரும். கோதை வீசிவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து இடித்து மிளகாய்க் கன்றுக்கும் தக்காளிக்கும் போடலாம், அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துத்தான். கலஹாக் குழுவின் கோதுகள் எல்லாம் இப்போது லயத்துப் பின்புறம் இருக்கும் மிளகாய்ப் பாத்திக்கே போகின்றன.